இரத்தக் கொதிப்பும் பொட்டலத்துப் பொடியும்

"இரத்தக் கொதிப்புக்கு என்ன மூலிகை நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள்?" சிலர் சிரித்து மழுப்புவார்கள். சிலர், "உங்களுக்கு யார் சொன்னது?" என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து, அம்லோடிபின், அட்டெனோலால் என்ற கொதிப்பு மாத்திரைகளை அட்டை அட்டையாக எண்ணிக் கொடுத்தே ஓய்வு பெற்றவள் நான். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கடலூரில் காலை நடைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் போதும், ஒரு மூலிகை அகராதியையே காதால் கேட்டுவிட்டு வரலாம். ஒருவர் வெந்தயம் ஊறிய தண்ணீர் என்பார். இன்னொருவர் செம்பருத்திப் பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறேன் என்பார். மருதம்பட்டைக் கஷாயம், முருங்கைக்கீரைச் சாறு, வெறும் வயிற்றில் பச்சைப் பூண்டு, வெண்தாமரைப் பொடி என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே முத்தாய்ப்பு: "இயற்கைதானே அம்மா, பக்கவிளைவே கிடையாது." எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்த இடத்தில்தான். பக்கவிளைவே இல்லாத பொருளுக்கு விளைவு மட்டும் எங்கிருந்து வரும்?

மூலிகைகளை நான் மதிக்கிறேன். மதிப்பதால்தான் மாத்திரையிடம் கேட்கும் கேள்விகளை அவற்றிடமும் கேட்கிறேன். எந்தச் செடி, அதில் எந்தப் பாகம், எவ்வளவு, ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு சேர்ந்தால் என்ன ஆகும், சாப்பிட்ட பிறகு அழுத்தம் எவ்வளவு குறைந்தது? கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு கருவி வேண்டும். இந்தக் கருவி விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்லத்தான் வேண்டும்.

கையில் பட்டை கட்டிக் காற்றடைத்து அழுத்தம் பார்க்கும் கருவியை இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி வடிவமைத்தது 1896இல். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பிரித்தறியும் முறையை ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் சொன்னது 1905இல். எங்கள் மாவட்டத்து வடலூரில் 1867இல் தருமச்சாலை அமைத்த வள்ளலார், கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் முசுமுசுக்கையையும் உயர்த்திச் சொன்னார். அவர் பேரைச் சொல்லி இன்று யாராவது "பிரஷருக்கான பொடி" விற்றால், 1874இல் மறைந்த பெருமான் எந்தக் கருவியை வைத்து அழுத்தம் பார்த்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. பழைய மருத்துவ ஏடுகள் தலைச்சுற்றலையும் படபடப்பையும் மயக்கத்தையும் பித்தத்தையும் நுணுக்கமாகப் பேசுகின்றன. உயர் இரத்த அழுத்தமோ பெரும்பாலானவர்களிடம் எந்த அறிகுறியும் காட்டாமலே ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். 170க்கு மேல் இருப்பவர் கடற்கரையில் கைவீசி நடந்துகொண்டிருப்பார். தலை சுற்றுகிறது என்று வந்தவருக்கு 120 இருக்கும்.

ஆகவே அழுத்தத்தைக் குறைக்கும் மூலிகை என்று ஒன்றை அடையாளம் காண்பது கருவி வந்த பிறகே முடியக்கூடிய காரியம். அப்படி உண்மையாகவே கண்டுபிடித்தார்கள், அதுவும் நம் நாட்டில்.

சர்ப்பகந்தா. தமிழில் சிவன்மேல்பொடி என்றும் சொல்வார்கள். அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த சின்னஞ்சிறு செடி. முழங்கால் உயரம் வந்தால் அதிகம். கொத்தாக வெள்ளைப் பூ, சிவந்த காம்பு, கறுத்துப் பழுக்கும் காய். சரக்கு இருப்பது வேரில், அதிலும் வேர்ப்பட்டையில். பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் இதைக் கொடுத்து வந்தார்கள். பீகார்ப் பக்கம் பைத்தியத்துக்கான மருந்து என்றே இதற்குப் பெயர். 1931இல் கொல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், இது மனநோய்க்கு மட்டுமல்ல, உயர் அழுத்தத்துக்கும் மருந்தாகிறது என்று எழுதினார்கள். அதே காலத்தில் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி என்ற வேதியியலர் இந்த வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். பிறகு மும்பையில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற இதய மருத்துவர் 50 நோயாளிகளுக்குக் கொடுத்து, அழுத்தத்தை அளந்து எழுதிவைத்து, 1949இல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்து வேதியியலர்கள் இந்த வேரிலிருந்து ரெசர்பைனைத் தனியே பிரித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் உலகெங்கும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் மாத்திரையாகிவிட்டது.

பெருமைப்பட வேண்டிய கதைதான். மீதியையும் சொன்னால்தான் கதை முழுமையாகும். நரம்பு நுனிகளில் நார்அட்ரினலின், டோபமின், செரட்டோனின் ஆகிய செய்தி கடத்தும் பொருள்கள் சிறுசிறு பைகளில் சேமித்து வைக்கப்படும். ரெசர்பைன் அந்தச் சேமிப்பையே நடக்க விடாது. இருப்பு தீர்ந்ததும் இரத்தக் குழாய்கள் தளர்கின்றன, அழுத்தம் இறங்குகிறது. மூளையிலும் அதே வேலையைச் செய்வதால், மருந்து சாப்பிட்டவர்களில் சிலர் காரணம் தெரியாத சோகத்தில் விழுந்தார்கள். மூக்கடைப்பு வந்தது, வயிற்றுப்புண் வந்தது. இன்று ரெசர்பைன் கொடுக்கும் அளவு நாளொன்றுக்குக் கால் மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. கடுகில் ஒரு துணுக்கு என்றுகூடச் சொல்ல முடியாத அந்த அளவை, எங்கோ தோண்டி எங்கோ காயவைத்த வேரின் பொடியில் ஒரு டீஸ்பூன் என்று யாராவது சொன்னால், சொல்பவருக்கு வேரும் தெரியாது, டீஸ்பூனும் தெரியாது என்று அர்த்தம். தோண்டித் தோண்டியே செடி அருகிப்போய், பன்னாட்டு வணிகத்தில் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது என்பது தனிச் சோகம்.

வேலை செய்கிற மூலிகை எப்படி இருக்கும் என்பதற்குச் சர்ப்பகந்தாவே இலக்கணம். அழுத்தத்தைக் குறைக்கவும் செய்யும், மனத்தை இருட்டாக்கவும் செய்யும், அளவு தவறினால் ஆளைப் படுக்கையில் போடவும் செய்யும்.

சரி, மாத்திரையை நிறுத்தியவர்கள் ஏன் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்கள்? இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் ஊரில் அதிகம் பேர் சாப்பிடுவது அம்லோடிபின். உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். திங்கட்கிழமை மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியைத் தொடங்குகிறார். புதன்கிழமை அழுத்தம் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஏனென்றால் பழைய மாத்திரை இன்னும் உள்ளே உழைத்துக்கொண்டிருக்கிறது. பேர் மட்டும் பொடிக்குப் போய்விடுகிறது. ஒரு வாரத்துக்குப் பிறகு அழுத்தம் மெல்ல ஏறும்போது, மகிழ்ச்சியில் இருப்பவர் மறுபடி அளந்து பார்ப்பதில்லை. அட்டெனோலால், குளோனிடின் வகை மாத்திரைகளில் இந்த விளையாட்டே ஆகாது. திடீரென்று நிறுத்தினால் அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பொடி தொடங்குகிறவர் பொடியை மட்டுமா தொடங்குகிறார்? காலையில் நடக்கிறார், ஊறுகாயை ஒதுக்குகிறார், இரவு சாராயத்தை ஒத்திப்போடுகிறார். அழுத்தம் உண்மையிலேயே இறங்கும். நடையும் நாக்குக் கட்டுப்பாடும் செய்த வேலைக்குப் பொட்டலம் விருது வாங்கிக்கொள்ளும்.

செம்பருத்திக்கு வருவோம். இது முழுக்கக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. 2010இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தினர் 65 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். ஒரு பாதிக்கு நாள்தோறும் 240 மில்லி கொண்ட மூன்று கோப்பைத் தேநீர், மறுபாதிக்கு அதே நிறமும் சுவையும் கொண்ட போலிப் பானம். ஆறு வாரத்தில் தேநீர் குடித்தவர்களுக்கு மேல் எண் சராசரியாக 7.2 குறைந்தது, மற்றவர்களுக்கு 1.3. ஆனால் அந்தத் தேநீர் நம் வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தியில் போட்டதன்று. புளிச்சைக்கீரை வகையைச் சேர்ந்த ரோசெல் என்ற செடியில், பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றிச் சிவப்பாகச் சதைபிடித்து நிற்கும் புல்லிவட்டத்தில் போட்டது. இரண்டும் ஒரே பேரினம்தான், ஆனால் ஒரே செடியன்று. சித்தப்பா பிள்ளைகள் என்பதற்காக ஒருவர் வாங்கிய பட்டத்தை இன்னொருவர் போட்டுக்கொள்ள முடியுமா? புதுச்சேரியில் வெளிநாட்டுப் பயணிகள் வரும் கடைகளில் காய்ந்த ரோசெல் கிடைக்கும். அழுத்தம் லேசாக ஏறத் தொடங்கியவர், சர்க்கரை போடாமல், மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடிப்பதில் தவறில்லை. வாசல் செம்பருத்தி பாவம், சாமிக்கும் தலைமுடிக்குமே அது போதவில்லை.

பூண்டு கொஞ்சம் குறைக்கும். நசுக்கினால்தான் அதில் வேலை செய்யும் பொருளான அல்லிசின் உண்டாகும். நசுக்கிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு அடுப்பில் போடுவது நல்லது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் அதிகம் பூண்டு சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முருங்கைக்கீரையில் பொட்டாசியம் இருக்கிறது, நல்ல கீரை. அதைச் சூப்பாக வைத்து, ருசிக்கு ஒரு கை உப்பைப் போட்டுக் குடிப்பவர்களை நினைத்துத்தான் சிரிப்பு வருகிறது. மருதம்பட்டையைப் பற்றி வந்த ஆய்வுகள் பெரும்பாலும் நெஞ்சுவலி, இதயத் தளர்ச்சி பற்றியவை. அழுத்தத்துக்கு அதைப் பெரிதாக நம்ப முடியாது.

மூக்கிரட்டை கெடிலக் கரையில் காலடியில் படர்ந்து கிடக்கும். சிறுநீரைப் பெருக்கும் கீரை. அழுத்தத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளிலும் ஒரு வகை சிறுநீரைப் பெருக்கியே வேலை செய்வதால், தத்துவம் சரிதான். கத்திரி வெயிலில் அந்த மாத்திரையையும் விழுங்கி, மேலே மூக்கிரட்டைக் கஷாயத்தையும் குடித்தால், உடம்பு வற்றி எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். அப்போது "பிரஷர் ஏறிவிட்டது" என்று இன்னொரு மாத்திரை போடுபவர்களும் உண்டு.

என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை. எதிலும் ஒழுங்கு; மாத்திரையை ஒரு வேளை தவறவிட மாட்டார். இருந்தும் அழுத்தம் 160க்குக் கீழே இறங்கவில்லை. இரண்டாவது மாத்திரை சேர்த்தார்கள், அப்போதும் இறங்கவில்லை. கணுக்கால் வீங்கியது, கால் தசை பிடித்து இழுத்தது. "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் டீச்சர்?" என்றேன். "வேறு ஒன்றுமே இல்லை அம்மா, மருந்தென்று ஒன்றும் சாப்பிடுவதில்லை" என்றார். பேசிக்கொண்டே இருந்தவர் இருமலுக்காக அலமாரியிலிருந்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்து, அதிலிருந்த பழுப்புப் பொடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். "இது சளிப் பொடிதான், உறவுக்காரர் ஒருவர் அரைத்துக் கொடுப்பது" என்றார். நானும் ஒரு சிட்டிகை வாங்கி நாக்கில் வைத்தேன். முதலில் சுக்கின் காரம், பிறகு மிளகு. அவை இரண்டும் அடங்கிய பின் நாக்கின் ஓரங்களில் ஒரு தித்திப்பு எழுந்தது. சர்க்கரையின் தித்திப்பு சட்டென்று வந்து போய்விடும். இது போகவே இல்லை, தண்ணீர் குடித்த பிறகும் தொண்டையில் தங்கி நின்றது. அதிமதுரம். பொடியில் பாதிக்கு மேல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அதிமதுரத்தில் கிளைசிரைசின் என்ற பொருள் இருக்கிறது. உடம்பில் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன், சிறுநீரகத்தில் போய் உப்பைப் பிடித்து வைக்காதபடி அங்கே ஒரு நொதி காவல் நிற்கிறது. கிளைசிரைசின் அந்தக் காவலைத் தூங்க வைத்துவிடும். பிறகு சோடியமும் நீரும் உடம்பில் தேங்கும், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும், அழுத்தம் ஏறும். டீச்சரின் வீக்கமும் தசைப்பிடிப்பும் அப்படியே இந்தக் கணக்கில் விழுந்தன. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தது. பொடியை நிறுத்திய சில வாரங்களில் அழுத்தம் இறங்க, இரண்டாவது மாத்திரையை மருத்துவரே எடுத்துவிட்டார். தொண்டைக்கட்டுக்கு எப்போதாவது ஒரு துண்டு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. கொதிப்புள்ளவர் மாதக்கணக்கில் தினமும் சாப்பிடக் கூடாது. மூலிகைத் தேநீர்ப் பாக்கெட்டுகளிலும் இருமல் மருந்துகளிலும் இது இருக்கும். பின்பக்க எழுத்துகளைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

மூட்டுவலிக்காகக் கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாத்திரைகளும் அழுத்தத்தை ஏற்றுபவைதான். "மூட்டுவலிக்கு மூலிகைப் பொடி, மூன்றே நாளில் நிவாரணம்" என்பதோ இன்னும் மோசம். ஸ்டீராய்டு கலந்த இத்தகைய பொடிகள் எத்தனையோ முறை பிடிபட்டிருக்கின்றன. மூன்றே நாளில் வலி பறந்தால் சந்தேகப்படுவதே புத்திசாலித்தனம்.

அடுத்த மோகம் இந்துப்பு. இளஞ்சிவப்பாக இருக்கிறது, விலை கூட, எனவே நல்லதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை. மரக்காணத்து உப்பளத்தில் விளைந்தாலும் சரி, மலையில் வெட்டியெடுத்தாலும் சரி, அது சோடியம் குளோரைடுதான். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்று சொல்லும் கணக்கில் இந்துப்பும் அடக்கம். கடையில் சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பலருக்கு அது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்ட்டன், எனாலாப்ரில் வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். சிறுநீரகம் பழுதானவர் தினமும் இளநீர் குடிப்பதற்கும் இதே எச்சரிக்கை.

"ஒரு மண்டலத்தில் பிரஷர் குணமாகும், மாத்திரையே வேண்டாம்" என்ற விளம்பரங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தில், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யவே கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. உயர் இரத்த அழுத்தமும் குறை இரத்த அழுத்தமும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. கைபேசியில் காணொளி ஓடும்போது இது நினைவுக்கு வந்தால் நல்லது.

சித்த மருத்துவத்தை நான் இந்த விளம்பரக்காரர்களோடு சேர்த்துப் பேசவில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலேயே பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். வெண்தாமரைச் சூரணமோ வேறெதுவோ வேண்டுமென்றால், அவர்களிடம் போய், சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் காட்டிக் கேளுங்கள். நான் பார்த்த நல்ல சித்த மருத்துவர்கள் யாரும் மாத்திரையைத் தூக்கி எறி என்று சொன்னதில்லை. அழுத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் சூரணத்தைத் தொட்டார்கள். இந்தப் பக்கம், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வாங்கி பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, நாட்டு மருந்துக் கடையில் பணம் கொடுத்துப் பொடி வாங்கும் வீடுகளை எங்கள் ஊரில் காட்ட முடியும்.

அளப்பதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். மாடி ஏறி மூச்சிரைக்க வந்து கையை நீட்டுவது கூடாது. அரை மணி நேரத்துக்குள் காபி, புகை எதுவும் இருக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். இரண்டு முறை பார்த்து எழுதிவையுங்கள். மருத்துவமனையில் 140க்கு 90 என்பது எல்லை. வீட்டில் அமைதியாகப் பார்க்கும்போது 135க்கு 85. புதிதாக எந்த மூலிகை தொடங்கினாலும், மாத்திரையை மாற்றாமல், தொடங்கும் முன் ஒரு வாரமும் தொடங்கிய பின் சில வாரங்களும் எழுதிய நோட்டு கையில் இருந்தால், மருத்துவரோடு பேச ஒரு பொருள் இருக்கும். 180க்கு 120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால், கஷாயம் கொதிக்கும் வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் சொன்னாலும் கடலூர்க்காரர்களிடம் நான் தோற்பது கருவாட்டில்தான். சிங்காரத்தோப்பிலும் சோனாங்குப்பத்திலும் காயும் நெத்திலியையும் சுறாவையும் விட்டுவிடச் சொல்ல எனக்கே வாய் வராது. என் மாமியாருக்கு எண்பதைத் தாண்டிய வயது, இரண்டு வேளை மாத்திரை. "கருவாடு இல்லாத பழைய சோற்றைச் சாப்பிட்டு நூறு வயது இருந்து என்ன செய்யப் போகிறேன்?" என்பார். "நூறு வேண்டாம் அத்தை, பக்கவாதம் இல்லாத தொண்ணூறு போதும்" என்பேன். உடன்படிக்கை இப்படி முடிந்தது: கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி அலசிவிட்டுக் குழம்பில் போட வேண்டும். குழம்புக்குத் தனியாக உப்புக் கிடையாது. அப்பளமும் ஊறுகாயும் அன்றைக்கு இலைக்கு வராது. மாதம் இரண்டு முறைதான். மூன்றாவது முறை கேட்டால் முருங்கைக்கீரை, அதுவும் நான் அளந்து போடும் உப்பில்.